பன்னிரண்டு வண்ணக் காய்ச்சல்

ஞாயிற்றுக்கிழமை எனக்கு உடம்பு சரியில்லாமல் போக வேண்டும் என்று வியாழக்கிழமையே முடிவு செய்துவிட்டேன்.

காரணத்தைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் தெருமுனை வாசகசாலையில் செஸ் போட்டியின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் மருந்துக்கடைக்காரர். மறுபக்கம் நான். நான்கு வருஷமாக அந்த மனிதர் என்னை அரையிறுதியிலேயே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இந்த வருஷம் சீட்டுக் குலுக்கியதில் அவர் வேறு பக்கம் போய்விட்டார். அதனால் நான் முதல்முறையாக இறுதி ஆட்டம் வரைக்கும் வந்திருந்தேன். ஜெயித்தவர் பெயரை வாசகசாலைச் சுவரில் ஒரு பலகையில் எழுதுவார்கள். அந்தப் பலகைக்குப் பெயிண்ட் கலந்து கொடுத்தவன் நான். பதினேழு வருஷமாகப் பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்குவதுதான் எனக்கு வேலை. பலகை என்னுடைய கைவண்ணம், பெயர் மட்டும் அடுத்தவன் பெயர் என்றால் எப்படி இருக்கும்?

அதே ஞாயிற்றுக்கிழமைதான் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், வீடு மாறுகிறார். புது வீடு நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது. அவரிடம் ஒரு மர அலமாரி இருக்கிறது. மூன்று கதவு, நடுவில் ஆளுயரக் கண்ணாடி. போன தடவை அவர் வீடு மாறியபோது அந்த அலமாரியின் ஒரு முனை என் கையில் இருந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டு எட்டு நாள் நின்றபடியே சாப்பிட்டேன்.

எனக்கு செஸ் இருக்கிறது என்று மனைவியிடம் நேராகச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். கல்யாணம் ஆகாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ஒரு பக்கம் கூடப் பிறந்த அண்ணன். மறுபக்கம் மரக்குதிரை. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாதா? பதினாறு வருஷ அனுபவம். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் கேட்கப்போகும் கேள்வியை நானே கேட்டுக்கொண்டு, நானே பதில் சொல்லி, அதிலும் தோற்றுவிடுவேன். ஆகையால் வாயையே திறக்கவில்லை.

ஆனால் உடம்பு சரியில்லை என்று வெறும் வாயால் சொன்னால் அவளிடம் எடுபடாது. ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருப்பவள் அவள். தினமும் நாற்பது பேர் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். யாருக்கு நிஜமான வலி, யார் வரிசையைத் தாண்டப் பார்க்கிறார் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவளுக்குச் சான்று வேண்டும். கண்ணால் பார்க்கும்படியான சான்று.

அந்தச் சான்று செவ்வாய்க்கிழமையே வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. மருத்துவமனைக்குப் புதிதாக வந்த மேலாளர் அம்மாள், முன் மேசையில் இருப்பவர்கள் முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். அதற்காக என் மனைவி ஒரு ஐ ஷேடோ பெட்டி வாங்கி வந்தாள். திறந்தால் மூடியில் கண்ணாடி. கீழே மூன்று வரிசையில் பன்னிரண்டு வண்ண வில்லைகள். அதோடு சேர்த்துக் கண்ணுக்கு வேண்டிய மற்ற சாமான்களும் இருந்தன. ஐலைனர் பென்சில், மஸ்காரா, இரண்டு பிரஷ், ஒரு சின்ன ட்யூப் என்று ஒரு சிறிய வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போதுமான தளவாடம்.

அன்று சாயங்காலம் அவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இந்தக் கலர் எப்படி இருக்கு?"

"இரும்பு கேட்டுக்கு நல்லா இருக்கும்."

"இது?"

"குளியலறைக்கு அடிக்கலாம். ஈரம் தாங்கும்."

"கண்ணுக்கு எது நல்லா இருக்கும்னு கேட்டேன்."

"கண்ணு ரெண்டு அங்குல இடம். அதுக்குப் பன்னெண்டு கலரா? ஒரு முழு வீட்டுக்கே நாங்க நாலு கலர்தான் குடுக்கறோம்."

அவள் பிரஷைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தாள். ஒரு கண் நீலமாகவும் மற்றது சும்மாவும் இருந்ததால் முறைப்பில் பாதிதான் எனக்கு வந்து சேர்ந்தது. நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிட்டேன்.

நகர்ந்தாலும் தொழில்காரன் கண் சும்மா இருக்குமா? முதல் வரிசையில் ஒரு வெளிறிய மஞ்சள். நடு வரிசையில் ஒரு கத்தரிப்பூ நிறம். கடைசி வரிசையில் சாம்பல் கலந்த பழுப்பு. மூன்றும் மனசில் தங்கிவிட்டன. வியாழக்கிழமை கடையில் யாருக்கோ சுவர்ப் பெயிண்ட் கலந்துகொண்டிருந்தபோது அந்த மூன்றும் தானாக ஒன்று சேர்ந்தன. கண்ணுக்குக் கீழே பழுப்பு, அதன் மேல் கத்தரிப்பூ, ஓரத்தில் லேசாக மஞ்சள். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவனுடைய கண். என் திட்டம் அங்கேயே முழுசாகத் தயாராகிவிட்டது. காலையில் நோயாளி. பத்து மணிக்கு அவள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்புவாள். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வாசகசாலைக்குப் போவேன். ஒரு மணிக்குத் திரும்பி வந்து இன்னொரு தடவை பூசிக்கொண்டு படுத்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு எழுந்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. அடிப்பூச்சான பிரைமர் அடிக்காத சுவரில் எந்தப் பெயிண்டும் நிற்காது. வருகிறவர்கள் எல்லாம், அது எதற்குத் தண்டமாக என்று அதைத் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். நான் விடவே மாட்டேன். அந்தச் சின்ன ட்யூபைத் திருப்பிப் பார்த்தேன். பிரைமர் என்று போட்டிருந்தது. எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. கண் சாமான் செய்கிறவர்களும் ஒழுங்கான தொழில்காரர்கள்தான். கண்ணுக்குக் கீழே ஒரு கோட் போட்டேன். ஐந்து நிமிஷம் காயவிட்டேன். பிறகு இன்னொரு கோட்.

அதன் மேல் பழுப்பு. சின்ன பிரஷால் உள் மூலையிலிருந்து வெளியே இழுத்தேன். கத்தரிப்பூவை விரலால் ஒற்றினேன். மஞ்சளை ஊதிவிட்டுத் தொட்டேன். இமையின் உள் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டபோது முனை கண்ணில் குத்தி நிஜமாகவே தண்ணீர் வந்தது. அதுவும் நல்லதுக்குத்தான். மஸ்காராவை மட்டும் தொடவில்லை. நோயாளிக்கு இமைமுடி நீளமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். எனக்கே என்மேல் பரிதாபம் வந்தது. பிரஷைக் கழுவித் துடைத்து, எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, படுக்கைக்குப் போய் முனக ஆரம்பித்தேன்.

மூன்றாவது முனகலில் அவள் எழுந்தாள். விளக்கைப் போடவில்லை. என் மோவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். இடது கண்ணைப் பார்த்தாள். வலது கண்ணைப் பார்த்தாள். திரும்ப இடது கண்ணுக்கு வந்தாள். பிறகு பேசியபோது குரல் ரொம்ப மிருதுவாக இருந்தது. பதினாறு வருஷத்தில் அந்தக் குரலை நான் மூன்று தடவைதான் கேட்டிருக்கிறேன். மூன்று தடவையும் அதற்குப் பிறகு எனக்கு நல்லது நடந்ததில்லை. அது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

"எப்பலேர்ந்துங்க இப்படி?"

"விடிகாலைலேர்ந்து."

"ரெண்டு கண்ணும் ஒரே நேரத்துலயா?"

"ஆமா."

"அளந்து வச்ச மாதிரி ஒரே அளவா இருக்கு."

"நோய்க்கு அளவெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்கு வருது."

நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லையே என்றாள். உள்காய்ச்சல் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்து நிமிஷம் பேசினாள். திரும்பி வந்து, அண்ணனிடம் சொல்லிவிட்டேன் என்றாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கெஞ்சாமல் கிடைத்ததைக் கேள்வி கேட்டுக் கெடுப்பானேன்?

ஆனால் அவள் கிளம்பவில்லை. எனக்கு வெந்நீரும் காய்ந்த ரொட்டித் துண்டு இரண்டும் கொடுத்தாள். தனக்கு வெண்ணெய் போட்டு ரொட்டி வாட்டி, இரண்டு முட்டை பொரித்து எடுத்துக்கொண்டு என் கட்டில் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். மணி ஒன்பதரை. ஒன்பதே முக்கால். எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வரும் போலிருந்தது.

"நீ போ. அண்ணன் தனியா கஷ்டப்படுவார்."

"உங்களை இப்படி விட்டுட்டா?"

"எனக்குத் தூக்கம்தான் மருந்து."

"பதினோரு மணிக்கு ஒரு மாத்திரை தரலாம்னு பார்த்தேன்."

"பதினோரு மணிக்கு நான் தூங்கிட்டிருப்பேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

போர்வையை என் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டாள். கைப்பையில் எதையோ எடுத்துப் போட்டுக்கொண்டாள். பத்து மணிக்கு வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் செருப்புச் சத்தம் படிக்கட்டில் இறங்கி மறையும் வரைக்கும் எண்ணிக்கொண்டிருந்துவிட்டு எழுந்து குளியலறைக்கு ஓடினேன்.

தண்ணீர் அடித்துக் கழுவினேன். போகவில்லை. சோப்பு போட்டேன். முகத்தில் மற்ற இடமெல்லாம் சுத்தமானது. காய்ச்சல் மட்டும் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. மூன்றாவது தடவை தேய்த்தபோது தோல்தான் சிவந்தது. அந்தச் சின்ன ட்யூபை எடுத்து, அதிலிருந்த பொடி எழுத்தை அப்போதுதான் படித்தேன். பதினாறு மணி நேரம் நிற்கும். தண்ணீருக்கு அசையாது. வியர்வைக்கு அசையாது. கண்ணீருக்கும் அசையாது. அதுவும் ஒரு கோட்டுக்கு. நான் இரண்டு போட்டிருந்தேன். ஒரு நல்ல பிரைமரை நான் திட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பெட்டியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்த்தேன். அங்கே ஒரு சின்னச் சீசா படுத்துக்கொள்ளும் அளவுக்குப் பள்ளம் இருந்தது. பூச்சு நீக்கும் திரவம் என்று கீழே அச்சடித்திருந்தது. பள்ளம் இருந்தது, சீசா இல்லை. கடைக்கு ஓடினால் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் கிடைக்கும். ஆனால் தின்னர் பட்ட கையைக் கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள் என்று ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் சொல்கிறவனே நான்தான். சமையல் எண்ணெய் தடவிப் பார்த்தேன். பழுப்பு கொஞ்சம் கரைந்து கன்னத்துக்கு இறங்கியது. இன்னும் தேய்த்தால் மோவாய்க்கு வரும் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். மணி பத்தே முக்கால். வண்டி ஓட்டும்போது போடுகிற கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வாசகசாலையில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். வாசகசாலைக்காரர்தான் நடுவர். மருந்துக்கடைக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். என் கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கண்ணுக்கு ஏதாவது வேணுமா சார்?"

"ஒண்ணும் வேண்டாம். வெயிலுக்குப் போட்டிருக்கேன்."

ஜன்னல் திரையெல்லாம் இழுத்துவிட்ட அறைக்குள் வெயில் ஏது என்று அவர் கேட்கவில்லை.

அந்த வாசகசாலைக் காய்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். முப்பது வருஷமாக ஊர்க் கைகள் பட்டுப் பட்டு வெள்ளைக் காய்கள் பழுப்பாகிவிட்டன. கறுப்புக் காய்கள் வெளுத்து அவையும் பழுப்பாகிவிட்டன. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு ஷேடுதான் வித்தியாசம். மற்றவர்கள் தடுமாறுவார்கள். நான் தடுமாறியதே இல்லை. ஒரு பழுப்புக்கும் இன்னொரு பழுப்புக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஆனால் அது வெறும் கண்ணுக்கு. கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது பலகையில் இருந்த முப்பத்திரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாக இருந்தன.

இருந்தாலும் சமாளித்தேன். என் காய் எது, அவர் காய் எது என்று இடத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொண்டு ஆடினேன். நாற்பது நிமிஷம் நன்றாகவே போனது. அவருடைய சிப்பாய் ஒன்றை வெட்டி முன்னணியில் இருந்தேன். சுவரில் இருந்த பலகையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். என் பெயருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்றுகூடக் கணக்குப் போட்டேன். அப்போது மருந்துக்கடைக்காரர் மறுபடியும் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"நிஜமாவே கண்ணுக்கு ஒண்ணும் வேண்டாமா சார்?"

"ஆட்டத்தைப் பாருங்க சார்."

என் கவனத்தைக் கலைக்கப் பார்க்கிறார் என்று எனக்குக் கோபம். அந்தக் கோபத்தோடு என் குதிரையை எடுத்தேன். நடுவர் என் கையைக் குனிந்து பார்த்தார். நான் எடுத்தது அவருடைய குதிரை.

தொட்ட காயை விடக் கூடாது என்பது விதி. எதிராளியின் காயைத் தொட்டால், வெட்ட வழி இருந்தால், வெட்டித்தான் ஆக வேண்டும். நடுவர் அதை எனக்கு அன்போடு எடுத்துச் சொன்னார். வழி இருந்தது. ஒரே வழி. என் ராணியால்தான் அந்தக் குதிரையை வெட்ட முடியும். வெட்டினேன். அவருடைய சிப்பாய் ஒன்று குறுக்காக வந்து என் ராணியை எடுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு ஒன்பது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணாடிக்குள்ளே கொஞ்சம் அழவும் செய்தேன். ட்யூபில் போட்டிருந்தது சரிதான். கண்ணீருக்கு அது அசையவில்லை.

எல்லாரும் கைதட்டிவிட்டுக் கலைந்த பிறகு மருந்துக்கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சீசாவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"என்ன இது?"

"உங்க வீட்டம்மா காலைல கடைக்கு வந்து குடுத்துட்டுப் போனாங்க. நீங்க கண்ணுக்கு ஏதாவது கேட்டா உடனே குடுக்கச் சொன்னாங்க. நான் ரெண்டு தடவை கேட்டேனே சார்."

அவரே பஞ்சும் வைத்திருந்தார். வாசகசாலைக் குழாயடியில் நின்று துடைத்தேன். ஒரே துடைப்பு. வந்துவிட்டது. பஞ்சில் மூன்று நிறமும் அழகாகத் தெரிந்தது. மூன்று மணிக்கு அண்ணனுடைய புது வீட்டுக்கு வந்துவிடச் சொன்னார்கள், வண்டி அப்போதுதான் வருகிறதாம் என்று மருந்துக்கடைக்காரர் பின்னாலிருந்து சொன்னார்.

மூன்று மணிக்குப் போனேன். மச்சானின் புது வீட்டு வாசலில் சாமான் இறங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி படிக்கட்டின் கீழே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பெட்டிகளுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தாள்.

"உடம்பு தேவலையா?"

"உனக்கு எப்ப தெரியும்?"

"பார்த்ததுமே. கடைசி வரிசையில ரெண்டாவது கலர். அஞ்சு நாளா அந்த டப்பா முன்னாடியே உட்கார்ந்திருக்கேன். எனக்குத் தெரியாதா?"

அது மட்டுமில்லை. இறுதி ஆட்டத்தைப் பற்றி அவளுக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியுமாம். பெட்டியை வாங்கியதே மருந்துக்கடையில்தான். அங்கே பேச்சுவாக்கில் அவர் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை காலையிலேயே அண்ணனுக்குப் போன் பண்ணி, வீட்டுக்காரருக்கு முக்கியமான ஆட்டம் இருக்கிறது, வண்டியை மூன்று மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஏற்பாடு செய்துவிட்டாளாம்.

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். புதன்கிழமை இருந்தேன். வியாழன், வெள்ளி, சனி எல்லாம் இருந்தேன். ஞாயித்துக்கிழமை காலைல என் டப்பாவைத் திறந்துதான் சொன்னீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். தோற்றது எனக்கு வலித்தது நிஜம். ஆனால் நான்கு நாள் அவள் காத்திருந்தது அதைவிட வலித்தது. என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலமாரியிடம் போனேன். கீழ்முனையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மாடிப்படியில் பாரம் முழுவதும் கீழ்முனைக்குத்தான் வரும். வரட்டும் என்றுதான் பிடித்தேன்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டு மேல்முனையை இறக்கி வைத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஏன் மாப்பிள்ளை உங்களுக்கு இவ்வளவு பிடிவாதம்? இதைத் தூக்கறதுக்குன்னே நாலு ஆள் பேசி வச்சிருந்தேன். காலைல தங்கச்சி போன் பண்ணி, ஆளெல்லாம் வேண்டாம், அலமாரியை அவரே தூக்கினாத்தான் அவருக்கு உடம்பு சரியாகும்னுட்டா."

இன்னும் இரண்டு மாடி இருந்தது.